மைக்செட் போன ஜப்பான் கடைகள்

தர்மபுரி மாவட்டத்தில் செல்போன் தேவைப்படாத ஒரே மனிதர் எங்கள் மைக்செட்தான். மாரண்டஹள்ளியில் நின்று கூப்பிட்டால் பாலக்கோட்டில் ஆள் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்வார்கள். அது மிகை. காற்று தோதாக அடித்தால் பாதி தூரம் கேட்கும், அவ்வளவுதான்.

ஒரு கல்யாணத்துக்காகப் பொம்மிடி போயிருந்தோம். ஸ்டேஷனில் நின்றுகொண்டு தன் மச்சானை "ஏய் முருகா" என்று கூப்பிட்டார். கிளம்பிக்கொண்டிருந்த சேலம் வண்டியிலிருந்து நாலு முருகன்கள் பதறி இறங்கினார்கள். மச்சான் மட்டும் வரவில்லை. அவர் கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் கேட்டதாம். பாயசம் வந்துவிடட்டும் என்று இருந்துவிட்டாராம்.

தக்காளி மண்டியில் ஏலம் விடுவது அவர் தொழில். ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் வூட்டுக்கு வழி காட்ட ஊரில் ஆள் கிடையாது. நான் அந்த மண்டியில் தக்காளி போடும் பிளாஸ்டிக் பெட்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே என் கொட்டகை. என் இடது காது இன்றைக்கும் கொஞ்சம் மந்தமாக இருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

மண்டி வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பத்து மணிக்கெல்லாம் இடம் காலி. அதற்குப் பிறகு மண்டிக்காரன் கண் திறந்திருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பான். ஆகவே இதில் வரும் ஜப்பான் கடைகளை எல்லாம் நான் பாதித் தூக்கத்தில்தான் பார்த்தேன். நீ கனவில் கண்டதை எழுதுகிறாய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மைக்செட்டுக்கு ஒரே மகள், நித்யா. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்குப் பதவி உயர்வு வந்ததும் அப்பாவை வரவழைத்து ஒரு ஜப்பான் ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மங்கலான விளக்கு, மூங்கில் தட்டி, பேச்சுச் சத்தமே இல்லாத பெரிய கூடம். தட்டில் சோற்று உருண்டை மேல் ஒரு துண்டு மீன் வந்து படுத்திருந்தது. நம் ஆள் தனக்குத் தெரிந்த அளவில் ரகசியமாகத்தான் கேட்டார், "பாப்பா, இந்த மீனு வெந்துருக்குதா?" என்று. கூடம் முழுக்கச் சாப்பிடும் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. மூலையில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. பக்கத்து மேசையில் இருந்தவர் நித்யாவின் மேனேஜர்.

நித்யா ஒன்றும் திட்டவில்லை. அப்பாவின் மணிக்கட்டில் கையை வைத்து, "மெதுவாப்பா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் பெங்களூர் போகும்போதெல்லாம் சாப்பாடு பார்சலாக அறைக்கே வந்தது. எந்த ஹோட்டலுக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மூன்றாவது பார்சலில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இதை என்னிடம் சொன்ன அன்று கொட்டகையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். "எம்பொண்ணு என்ன மறுபடியும் நாலு பேரு பாக்க ஒக்கார வெச்சிச் சோறு வாங்கித் தரணும் தம்பி. அதுக்கு நான் மெதுவாப் பேசக் கத்துக்கணும்" என்றார். வெளியே லாரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று தலையாட்டினார்கள். அவருடைய அந்தரங்கம் இப்படித்தான் எப்போதும் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

எங்கே கத்துக்கொள்வது? நீச்சலைக் கிணற்றில்தானே பழக முடியும், ஆகவே ஜப்பான் கடையில்தான் பழக வேண்டும் என்று முடிவெடுத்தார். என்னிடம் ஒரு வேன் இருந்தது. அதோடு நான் மெல்லப் பேசுகிறவன் என்று பெயரெடுத்தவன். உண்மையில் தூக்கக் கலக்கம்தான்.

முதலில் ஓசூர். அங்கே தொழிற்சாலைகளுக்கு வந்து தங்கியிருக்கும் ஜப்பான் என்ஜினியர்களுக்காக டைல்ஸ் கடை மாடியில் ஒரு ஹோட்டல் இருந்தது. மைக்செட் வாயை இறுக மூடிக்கொண்டு, செருப்பைக்கூடச் சத்தம் வராமல் எடுத்து வைத்துப் படியேறினார். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஏழெட்டுப் பேர் ஒரே குரலாக "இரஷாய்மாசே" என்று கத்தினார்கள். வருகிறவர்களை வரவேற்பதற்கு ஜப்பான் கடைகளில் அப்படித்தான் கத்துவார்களாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தக்காளி வண்டி உள்ளே வரும்போது விவசாயி ஒரு குரல் கொடுப்பான். ஏலக்காரர் பதில் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உன் சரக்கு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியவர் மைக்செட். யோசிக்காமல் "வந்துட்டோமுங்கோ" என்று ஒரு குரல் விட்டார். கீழே டைல்ஸ் கடையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து தலைமைச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மணிப்பூர்க்காரர், நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இன்னும் உரக்க "இரஷாய்மாசே" என்றார். மைக்செட் விடவில்லை. இவர் கத்த, அவர் கத்த, ஏலம் மூன்று சுற்று போனது. மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த ஜப்பான் பெரியவர் எழுந்து நின்று தலை வணங்கினார். சூடான சூப் எங்கள் மேசைக்குக் கேட்காமலே வந்தது.

"சத்தம் போட்டாத்தான் மரியாதைன்னு இங்கயும் தெரிஞ்சிருக்கு பாத்தியா" என்று பெருமையாகச் சொன்னார். நான் அவரைச் சுற்றிலும் பார்க்கச் சொன்னேன். வாசலில் ஒரு கத்தல், அத்தோடு சரி. அதற்குப் பிறகு கூடத்தில் ஆவி மட்டும்தான் அசைந்துகொண்டிருந்தது.

அவருக்கு ரகசியம் பேச வராது என்பது பத்தே நிமிஷத்தில் நிச்சயமாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் கூடுதலாகக் காற்றும் வந்தது. அப்போதுதான் அவருக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. சந்தையில் தரகர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். துண்டை இரண்டு பேர் கை மேலும் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. ஜப்பான் கடைகளில் உட்கார்ந்ததும் கை துடைக்க ஒரு சூடான ஈரத் துண்டு தருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்.

ஆக ஒரு பாஷை பிறந்தது. ஒரு விரலைப் பிடித்தால் வாயில் வைக்க முடியவில்லை. மூன்று என்றால் பரவாயில்லை. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் மட்டும் என்றால் தண்ணீர். சுண்டுவிரலை முறுக்கினால், மீனோடு தருகிற அந்தப் பச்சை விழுது காரத்தை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டது, சீக்கிரம் ஏதாவது செய். ஐம்பதைத் தாண்டிய ஒருவரும் நாற்பதைத் தாண்டிய ஒருவனும் மங்கல் வெளிச்சத்தில் துண்டுக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

அடுத்த முறை போனபோது அந்தக் கடைப் பெண் எங்களை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப்போனாள். மேசையில் சின்ன விளக்கும் ஒற்றைப் பூவும் வைத்தாள். கடைசியில் ஒரு கிண்ணம் இனிப்பையும் இரண்டு கரண்டிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாழ்த்துச் சொல்கிற மாதிரி புன்னகை செய்தாள். மைக்செட் நெகிழ்ந்துபோனார். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்றார். எனக்கு விஷயம் புரிந்தது, ஆனால் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

மீன் வைத்த சோற்று உருண்டைதான் பெரிய சிக்கல். எங்கள் பக்கத்தில் ராகிக் களி சாப்பிடும் முறை தெரியுமல்லவா, உருட்டிக் குழம்பில் தோய்த்துப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும். களியை மெல்லுகிறவனைப் பார்த்தால் எந்த ஊர்க்காரன் என்று கேட்பார்கள். மைக்செட் அந்த உருண்டைகளையும் அப்படியே எடுத்தார், பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த கறுப்புக் குழம்பில் தோய்த்தார், விழுங்கினார். நான் குச்சியைக் காகிதத்திலிருந்து உருவுவதற்குள் எட்டு உருண்டை உள்ளே போயிருந்தது. மணிப்பூர்க்காரர் தண்ணீர் ஜாடியோடு ஓடிவந்தார். மெல்ல வேண்டும் என்று தாடையை அசைத்துக் காட்டினார். விழுங்க வேண்டும் என்று இவர் தொண்டையைக் காட்டினார். தொழில்மேல் ஆர்வமுள்ள மனிதர் போலிருக்கிறது, தானும் ஒன்றை எடுத்து விழுங்கிப் பார்த்தார். அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவர் முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

இப்படி ஒரு வருஷம் போனது. மண்டி விடுமுறை விட்டால் ஓசூர், பெங்களூர். தக்காளி விஷயமாகச் சென்னைக்குப் போனால் அங்கே ஒன்று. கொச்சிக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போய் ஒன்று. வாசலில் கத்துவார், உள்ளே போய் விரல் பிடிப்பார். குரல் மட்டும் இறங்கவில்லை. அவர் வூட்டு அண்ணி என்னைக் கூப்பிட்டுக் கவலையோடு விசாரித்தார். இவருக்குப் புதிதாக ஏதும் சாமி வந்திருக்கிறதா, ஏன் களியைக்கூட மென்று தின்கிறார் என்று கேட்டார்.

பிறகு மண்டிக்காரர்கள் சேர்ந்து சிங்கப்பூர் சுற்றுலா போனோம். மூன்று நாளும் கைடு எங்களை வேளை தவறாமல் சாம்பார் கிடைக்கும் இடத்துக்கே ஓட்டிக்கொண்டு போனான். இரண்டாம் நாள் மதியம் மைக்செட் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு சந்துக்குள், எட்டே நாற்காலி போட்ட நூடுல்ஸ் கடை ஒன்று. பலகைக்கு அந்தப் பக்கம் பெரிய அண்டாவில் எலும்புச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் உர்ர் உர்ர் என்று உறிஞ்சினார்கள். வரவேற்பும் உண்டு. ஆனால் அன்றைக்கு மைக்செட் பதில் குரல் கொடுக்கவில்லை. மழையில் நனைந்த தலையைத் துடைக்கக்கூட மறந்து, அண்டாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆவி எழும்பிக் கண்ணாடி முழுக்கப் படர்ந்தது. வெளியே போகிற குடைகள் எல்லாம் நிறம் கரைந்து மிதந்து போயின. சிவப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று. எனக்கு வழக்கம்போலத் தூக்கம் சொக்கியது. கடை மெதுவாகக் கரையை விட்டு நகர்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. பக்கத்தில் யாரோ பேசியது கேட்டது. நான் அறியாத குரல்.

"தம்பி, இங்க நாம நெனைக்கறதே நமக்குக் கேக்குது."

திரும்பிப் பார்த்தேன். மைக்செட்தான். தொட்டிலில் தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்று பேசுவார்களே, அந்த அளவுதான் குரல். இத்தனை வருஷமாக அந்தப் பெரிய குரலுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. என்ன கேட்கிறது அண்ணா என்றேன். பெங்களூர் அறையில் அந்தப் பார்சலைப் பிரிக்கும்போது வருகிற காகிதச் சத்தம் என்றார். துண்டுக்கடியில் கையை நீட்டினேன். அவர் எந்த விரலையும் பிடிக்காமல் தன் கையை அதன்மேல் சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் மகளுக்கு ஃபோன் போட்டு அந்தப் புதுக் குரலில், "பாப்பா, நல்லாருக்கியா" என்று கேட்டிருக்கிறார். எதிர்முனையில் நித்யா அலறிவிட்டாள். யார் பேசுவது, அப்பாவுக்கு என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து மதியத்துக்குள் மாரண்டஹள்ளி வந்து இறங்கினாள். வழியில் எனக்கு ஒன்பது முறை ஃபோன். அவள் ஓடிவந்தபோது மைக்செட் வூட்டுக் கூடத்தில் களியை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

ஒன்றும் இல்லை என்று அதே சின்னக் குரலில் சொன்னார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடைக்கு இன்னொரு வாட்டி போலாமா பாப்பா" என்றார். நித்யா என்னைப் பார்த்தாள். நான் முற்றத்தில் இருந்த துளசிச் செடியைப் பார்த்தேன். போகலாம் என்றாள்.

மறு ஞாயிறு அதே மூங்கில் தட்டி, அதே மங்கல் விளக்கு. மொழிபெயர்ப்பாளனாக என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். முதல் தடவை இங்கே அந்த வழக்கம் இல்லையாம், இப்போது உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கத்தினார்கள். மைக்செட்டின் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. தலையை மட்டும் லேசாகத் தாழ்த்தினார். ஏலத்தில் நின்று இருபது லாரி சரக்கைத் தள்ளிவிடுகிறவர், ஒரு பதில் குரலை விழுங்க அன்றைக்குப் பட்ட பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாப்பாடு வந்தது. ஒவ்வொரு உருண்டையையும் இருபது தடவை மென்றார். குச்சியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பேசவே இல்லை. அவர் பேசாதிருக்கப் பேசாதிருக்க நித்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு ஏதாவது மறைக்கிறாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். மைக்செட் ஈரத் துண்டை எடுத்து அவள் கைமேல் போர்த்தினார். அதற்கடியில் அவளுடைய நாலு விரல்களைப் பிடித்து அழுத்தினார். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"நாலுன்னா ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

"அஞ்சு எப்போ?"

நானாகச் சொன்னேன், "பார்சல் இல்லாம இனிமே எப்பவும் இப்பிடி ஒக்காந்து சாப்பிட்டா அஞ்சாம்." அஞ்சுக்கு அப்படி ஒரு அர்த்தமே எங்கள் பாஷையில் கிடையாது. மொழிபெயர்ப்பாளனுக்கு இந்த மாதிரி ஒரு சௌகரியம் இருக்கிறது. அத்தோடு நிற்காமல் ஓசூர், சென்னை, கொச்சி, சிங்கப்பூர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மைக்செட் என் சுண்டுவிரலை ஒடிக்கப் பார்த்தார்.

நித்யா சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அன்னைக்கு எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சுப்பா. இல்லேன்னு பொய் சொல்லல" என்றாள். "ஆனா ஒவ்வொரு பார்சல் பிரிக்கறப்பவும் அத நெனைச்சு இன்னும் வெக்கமா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ பேசுப்பா."

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சின்னக் குரல்தான் வந்தது. "பழகிட்டன் கண்ணு. நல்லாத்தான் இருக்குது, இப்பிடி ஒக்காந்து ஒன்னப் பாத்துட்டு இருக்கறது."

எழுந்து கிளம்பினோம். போகிறவர்களுக்கும் ஜப்பான் கடையில் ஒரு கூட்டுக் குரல் உண்டு. நன்றி என்று அர்த்தமாம். கதவருகே போனதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். மைக்செட் தரையைப் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினார். பதில் இல்லாமல் அந்தக் குரல் கூடத்தில் அப்படியே நின்றது. மண்டியில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று தெரியும்.

அப்போது ஒரு குரல் எழுந்தது. "போய்ட்டு வர்றோமுங்கோ."

விளக்குகள் ஆடின. குச்சிகள் அந்தரத்தில் நின்றன. சமையல்காரர்கள் அடுப்பை விட்டு ஓடிவந்தார்கள். கூடம் மொத்தமும் மைக்செட்டைத் திரும்பிப் பார்த்தது. அவரோ வாய் மூடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நித்யா கதவைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை அவள் கத்தியபோது அப்பாவும் சேர்ந்துகொண்டார். வாசலில் நின்ற கார்களில் இரண்டு தானாகக் கத்த ஆரம்பித்தன.

அவளை அறையில் இறக்கிவிட்டு வேனைக் கிளப்பினேன். ஓசூர் வந்தோம். ஊரைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டில் திரும்பியதும், தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து, கியர்மேல் இருந்த என் கைக்குப் போர்த்தினார். அதற்கடியில் என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்படியே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

மேட்டில் வண்டி திணறியது. மாரண்டஹள்ளி வரும் வரைக்கும் நான் கியரே மாற்றவில்லை.